பொது மின் நிறுவனங்களின் ஆற்றல் ஒப்பந்த அதிகாரம் (வாஷிங்டன் மாநிலம்)

பொது மின் நிறுவனங்களின் ஆற்றல் ஒப்பந்த அதிகாரம் என்பது, நகராட்சிகளும் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆணையர்களைக் கொண்ட மின் மாவட்டங்களும் மின்னாற்றலை வாங்கவும், விற்கவும், மின் நிலையங்களில் பங்கு கொள்ளவும், அவற்றுக்காகப் பணப் பொறுப்பு ஏற்கவும் சட்டம் அளித்துள்ள அதிகாரத்தைக் குறிக்கும். தனியார் நிறுவனம் ஒன்று கையெழுத்திட்ட ஒப்பந்தம் பொதுவாக அதனைக் கட்டுப்படுத்தும். பொது நிறுவனத்தின் நிலை வேறு. கையெழுத்திட அதற்குச் சட்டப்படி அதிகாரம் இல்லையெனில், ஒப்பந்தம் எத்தனை தெளிவாக எழுதப்பட்டிருந்தாலும் அது தொடக்கத்திலிருந்தே செல்லாததாகும்.

இக்கட்டுரை ஐக்கிய அமெரிக்காவின் வடமேற்கிலுள்ள வாஷிங்டன் மாநிலத்தை மையமாகக் கொண்டு இவ்வதிகாரத்தை விளக்குகிறது (தலைநகரான வாஷிங்டன் டி.சி. வேறு). இம்மாநில உச்ச நீதிமன்றம் 1983-இல் அளித்த ஒரு தீர்ப்பு, 225 கோடி டாலர் மதிப்புள்ள கடன் பத்திரங்களின் அடித்தளத்தைத் தகர்த்தது. மின்சாரம் வாங்குவது என்றால் என்ன என்ற எளிய கேள்வியே அத்தீர்ப்பின் மையமாக இருந்தது.

பொது மின் நிறுவனங்கள்

மாநிலம் முழுமைக்கும் ஒரே மின் வாரியம் என்ற அமைப்புக்குப் பழகியவர்களுக்கு அமெரிக்க மின்துறை குழப்பமாகத் தோன்றக்கூடும். அங்கு பங்குதாரர்களுக்குச் சொந்தமான தனியார் நிறுவனங்கள், நுகர்வோரே உறுப்பினர்களாக உள்ள கூட்டுறவு அமைப்புகள், பொது நிறுவனங்கள் ஆகிய மூன்று வகையும் அருகருகே இயங்குகின்றன. பொது நிறுவனங்கள் மட்டும் நாடு முழுவதும் ஏறத்தாழ 2000 உள்ளன. அவற்றுட் சில பெருநகரங்களுக்கு உரியவை. பல, சில ஆயிரம் பேர் வாழும் சிற்றூர்களுக்கு உரியவை.

வாஷிங்டன் மாநிலத்தில் பொது மின் நிறுவனங்கள் இருவகைப்படும். சியாட்டில், டகோமா போன்ற நகரங்கள் தமக்கெனச் சொந்த மின் துறைகளை நடத்துகின்றன. நகரங்களுக்கு வெளியே, பொதுப் பயன்பாட்டு மாவட்டங்கள் எனப்படும் தனி உள்ளாட்சி அமைப்புகள் மின்சாரம் வழங்குகின்றன. தனியார் நிறுவனங்கள் கம்பி இழுக்க முன்வராத ஊர்ப்புறங்களுக்காக உழவர் அமைப்புகள் முயன்று, 1930-இல் மக்கள் வாக்கெடுப்பின் வழியே இம்மாவட்டங்களுக்கான சட்டத்தைப் பெற்றன.

இவ்விரு வகை நிறுவனங்களுக்கும் நீண்ட காலம் மலிவான மின்சாரம் அளித்தது கொலம்பியா ஆறு. ஆற்றின் குறுக்கே நடுவண் அரசு கட்டிய அணைகளின் மின்சாரத்தைப் பொன்னவில் மின் நிர்வாகம் என்ற நடுவண் அமைப்பு மொத்த விலைக்கு விற்கிறது. 1937-ஆம் ஆண்டுச் சட்டம் பொது நிறுவனங்களுக்கும் கூட்டுறவுகளுக்கும் இம்மின்சாரத்தில் முன்னுரிமை அளித்தது. எனவே பல சிறு நிறுவனங்களுக்குச் சொந்தமாக மின் நிலையம் கட்ட வேண்டிய தேவையே எழவில்லை. பொன்னவில்லிடம் வாங்கி வீடுகளுக்கு விற்பதே அவற்றின் தொழிலாக இருந்தது.

அதிகாரத்தின் தோற்றுவாய்

அமெரிக்க நடுவண் அரசமைப்பில் உள்ளாட்சிகளுக்குத் தனி இடம் இல்லை. அவை மாநிலங்களின் படைப்புகள். ஐயோவா மாநில நீதிபதி ஜான் தில்லன் 1868-இல் ஒரு வழக்கில் வகுத்த கொள்கை இங்கு அடிப்படையானது. தில்லன் விதி எனப்படும் இதன்படி ஓர் உள்ளாட்சிக்கு மூவகை அதிகாரங்களே உண்டு: சட்டம் வெளிப்படையாகக் கொடுத்தவை, அவற்றிலிருந்து தவிர்க்க முடியாதபடி பெறப்படுபவை, அந்த அமைப்பின் நோக்கத்துக்கு இன்றியமையாதவை. ஐயம் ஏற்படின் அதிகாரம் இல்லை என்றே கொள்ள வேண்டும். கணினி வழக்கில் சொன்னால், அனுமதிக்கப்பட்ட கட்டளைகள் மட்டுமே பட்டியலில் உண்டு. பட்டியலில் இல்லாதவை எல்லாம் தடை செய்யப்பட்டவை.

இந்த விதியின் கடுமையைத் தளர்த்தும் ஒரு வேறுபாடும் உண்டு. காவல், வரி போன்றவை ஆட்சிப் பணிகள். மின்சாரம், குடிநீர் போன்றவற்றை விற்பது வணிகத்தை ஒத்த பணி. வணிகப் பணிகளில் உள்ளாட்சிக்கு ஓரளவு கூடுதல் தன்னுரிமை உண்டு என நீதிமன்றங்கள் கருதி வந்தன. ஆயினும் அத்தன்னுரிமை, சட்டம் கொடுத்த பணியை எப்படிச் செய்வது என்பதற்கு உரியது. புதிய பணி ஒன்றைத் தானே எடுத்துக்கொள்வதற்கு உரியதன்று. எது வழிமுறை, எது புதிய பணி என்பதில்தான் வழக்குகள் பிறக்கின்றன.

வாஷிங்டன் சட்டங்கள் நகரங்களுக்கும் பொதுப் பயன்பாட்டு மாவட்டங்களுக்கும் இரண்டு முதன்மையான அதிகாரங்களை வழங்கியிருந்தன. ஒன்று, மின்சாரத்தை வாங்கி விற்பது. மற்றொன்று, மின் நிலையங்களையும் கம்பித் தடங்களையும் கட்டுவது அல்லது சொந்தமாக்கிக்கொள்வது. பல நிறுவனங்கள் சேர்ந்து அணு மின் நிலையங்களைக் கூட்டாக உடைமை கொள்ளவும், கூட்டு இயக்க முகமை என்ற பொது அமைப்பை உருவாக்கவும் தனிச் சட்டங்கள் இருந்தன.

வாஷிங்டன் பொது மின் வழங்கல் அமைப்பு

1957-இல் பொதுப் பயன்பாட்டு மாவட்டங்கள் பதினேழு ஒன்று கூடி, கூட்டு இயக்க முகமையாக வாஷிங்டன் பொது மின் வழங்கல் அமைப்பை உருவாக்கின. முதலில் இது பேக்வுட் ஏரியில் சிறு நீர்மின் நிலையம் ஒன்றைக் கட்டியது. பின்னர், ஹான்ஃபோர்டில் அரசின் அணு உலை வெளியேற்றிய நீராவியைக் கொண்டு 1966 முதல் மின்சாரம் எடுத்தது. இரண்டும் வெற்றியே. இவ்வமைப்பின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளை மக்கள் "வூப்ஸ்" எனச் சேர்த்து ஒலித்தனர். தவறு நேர்ந்துவிட்டால் ஆங்கிலத்தில் இயல்பாக வாயில் வரும் சொல்லும் அதுவே என்பது பின்னாளில் செய்தித்தாள்களுக்கு வசதியாயிற்று.

அக்காலத்தில் அமெரிக்க மின் தேவை ஆண்டுக்கு ஏறத்தாழ 7 விழுக்காடு வளர்ந்து வந்தது. அதாவது பத்தாண்டில் இருமடங்கு. கொலம்பியா ஆற்றில் பேரணை கட்டத்தக்க இடங்களோ தீர்ந்துகொண்டிருந்தன. எனவே 1968-இல் பொன்னவில் நிர்வாகமும் வடமேற்கின் மின் நிறுவனங்களும் நீர்மின், அனல்மின் கூட்டுத் திட்டம் ஒன்றை வகுத்தன. இதன்கீழ் வழங்கல் அமைப்பு மூன்று அணு மின் நிலையங்களைக் கட்டத் தொடங்கியது. முதல் இரண்டும் ஹான்ஃபோர்டிலும் மூன்றாவது மாநிலத்தின் மேற்கே சாட்சப் என்னுமிடத்திலும் அமைந்தன.

இம்மூன்றுக்கும் "நிகரப் பட்டியல்" என்ற முறையில் பணம் ஏற்பாடாயிற்று. ஓர் ஊர் மின் நிலையத்தில் ஒரு பங்கை வாங்கும். அப்பங்கின் மின்சாரத்தை உடனே பொன்னவில்லுக்கு மாற்றிக் கொடுத்துவிடும். அந்த ஊர் வழங்கல் அமைப்புக்குக் கட்டும் தொகையை, அதே ஊர் தனக்குத் தரவேண்டிய மின் கட்டணத்திலிருந்து பொன்னவில் கழித்துக்கொள்ளும். சுற்றி வளைத்த வழிதான். ஆனால் இதன் விளைவு எளிது: நிலையம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் செலவு பொன்னவில்லின் கணக்கில் விழுந்து, வடமேற்கு முழுவதும் பரவிவிடும்.

நான்காம், ஐந்தாம் நிலையங்கள்

அடுத்த இரு நிலையங்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிட்டவில்லை. வரித்துறை விதிகள் மாறியதால், நடுவண் அமைப்பின் பொறுப்பில் நிற்கும் புதிய பத்திரங்களுக்கு வரிவிலக்குப் பெற இயலாத நிலை ஏற்பட்டது. பொன்னவில்லின் கழித்துக்கொள்ளும் வசதியும் எல்லையை எட்டிவிட்டது. நான்காம் நிலையம் ஹான்ஃபோர்டில் முதலாவதன் இரட்டையாகவும், ஐந்தாம் நிலையம் சாட்சப்பில் மூன்றாவதன் இரட்டையாகவும் திட்டமிடப்பட்டன. இரண்டும் தலா 1200 மெகாவாட்டுக்கு மேற்பட்டவை. ஐந்தாவதில் 10 விழுக்காடு ஒரு தனியார் நிறுவனத்துக்கு உரியது. மற்றதெல்லாம் பொது நிறுவனங்களின் தலையில்.

1976 ஜூனில் பொன்னவில் நிர்வாகம், 1983 ஜூலை முதல் தன் முன்னுரிமை வாடிக்கையாளர்களின் வளரும் தேவையை ஈடுசெய்ய இயலாது என அறிவிப்பு விடுத்தது. சொந்தமாக மின் நிலையம் இல்லாத சிற்றூர்களுக்கு இது எச்சரிக்கை மணியாக ஒலித்தது. அடுத்த சில வாரங்களில் வாஷிங்டன், ஒரிகன், ஐடகோ முதலிய மாநிலங்களின் 88 பொது நிறுவனங்களும் கூட்டுறவுகளும் பங்கேற்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. பெருநிறுவனங்களுள் சியாட்டில் நகர மின் துறை சேரவில்லை. அந்நகரம் தன் வருங்காலத் தேவையைத் தனியே ஆராய்ந்து, மின் சேமிப்பே மலிவான வழி என முடிவு செய்திருந்தது.

ஒப்பந்தத்தில் ஊர்கள் வாங்கியது "திட்டத் திறன்" எனப்பட்டது. நிலையம் எந்த அளவு மின்சாரம் தரவல்லதோ அதில் ஒரு பங்கு என்பது இதன் பொருள். தரும் அளவு சுழியமாகவும் இருக்கலாம் என்பதும் அதில் அடங்கும். நிலையம் முடிந்தாலும் முடியாவிட்டாலும், இயங்கினாலும் இயங்காவிட்டாலும், கைவிடப்பட்டாலும், ஊர்கள் தம் பங்குக்கான கடன் தவணையைக் கட்டியே ஆக வேண்டும். பங்கேற்பாளர் ஒருவர் தவறினால் மற்றவர் பங்கு 25 விழுக்காடு வரை உயரும். இவ்வகை ஒப்பந்தங்கள் மின்துறையில் புதியவை அல்ல. பத்திரம் வாங்குவோருக்கு அச்சமில்லை என்பதால் வட்டி குறையும் என்பதே அவற்றின் நியாயம். இவ்வழக்கில் அபாயம் மறையவில்லை. அது பத்திரம் வாங்குவோரிடமிருந்து மின் கட்டணம் கட்டுவோரிடம் இடம் மாறியது. அவ்விடமாற்றத்தைச் செய்ய ஊர் மன்றத்துக்கு உரிமை உண்டா என்று அப்போது எவரும் நீதிமன்றத்தில் கேட்கவில்லை. வழங்கல் அமைப்பின் சட்ட ஆலோசகர்கள் ஒப்பந்தம் செல்லும் என்று கருத்துரை வழங்கினர். தர மதிப்பீட்டு நிறுவனங்களும் பத்திரங்களை உயர்ந்த வரிசையில் வைத்தன.

1977 முதல் 1981 வரை இவ்விரு நிலையங்களுக்காக 225 கோடி டாலர் பத்திரங்கள் விற்கப்பட்டன. இதற்கிடையில் கணக்குகள் யாவும் பொய்த்தன. 1973-இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் மின் தேவையின் வளர்ச்சி தளர்ந்தது. பணவீக்கமும், கட்டுமானக் குளறுபடிகளும், 1979-இல் திரீ மைல் தீவில் நேர்ந்த விபத்துக்குப் பின் வந்த பாதுகாப்பு மாற்றங்களும் செலவைப் பெருக்கின. ஐந்து நிலையங்களுக்கும் தொடக்கத்தில் ஏறத்தாழ 400 கோடி டாலர் என்றிருந்த மதிப்பீடு, 1981-இல் ஏறத்தாழ 2400 கோடியைத் தொட்டது. கடைசி வெளியீடுகளில் வட்டி 10 விழுக்காட்டைக் கடந்தது. வருமான வரி விலக்கு உள்ள பத்திரத்துக்கு இது மிகக் கூடிய வட்டி.

1981 மே மாதம் வழங்கல் அமைப்பின் தலைமை நிர்வாகி இரு நிலையங்களின் பணியையும் நிறுத்திவைக்கப் பரிந்துரைத்தார். 1982 ஜனவரி 22 அன்று இரண்டும் கைவிடப்பட்டன. இரண்டிலும் கால் பங்குப் பணிகூட முடிந்திருக்கவில்லை. ஒப்பந்தப்படி ஓராண்டு கழித்து, 1983 ஜனவரி முதல் 88 பங்கேற்பாளர்களும் பணம் கட்டத் தொடங்க வேண்டும். வட்டியோடு சேர்த்து மொத்தச் சுமை ஏறத்தாழ 700 கோடி டாலர். ஒரு விளக்கைக்கூட ஏற்றாத நிலையங்களுக்காக முப்பது ஆண்டுகளுக்கு மேல் கட்டண உயர்வு என்பது மரத்தொழில் நலிந்து வேலையின்மை பெருகியிருந்த ஊர்களைக் கொதிக்கச் செய்தது. மின் கட்டணம் செலுத்துவோர் ஊர்தோறும் எதிர்ப்புக் குழுக்கள் அமைத்தனர். ஊர் மன்றங்கள் பணம் கட்ட மறுத்தன.

1983-ஆம் ஆண்டுத் தீர்ப்பு

பத்திரதாரர்களின் சார்பில் பொறுப்பாளராக இருந்தது நியூயார்க்கின் கெமிக்கல் வங்கி. ஒப்பந்தம் செல்லும் என அறிவிக்கக் கோரி அது வழக்குத் தொடுத்தது. கீழ் நீதிமன்றம் வங்கிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம் 1983 ஜூன் 15 அன்று அத்தீர்ப்பை மாற்றியது. வாஷிங்டன் மாநில நகரங்களுக்கும் பொதுப் பயன்பாட்டு மாவட்டங்களுக்கும் இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட அதிகாரமே இருக்கவில்லை என்பது அதன் முடிவு.

முதலாவதாக, இது மின்சாரக் கொள்முதல் என்ற வாதம். சட்டம் ஊர்களுக்கு மின்சாரம் வாங்க அதிகாரம் தந்திருந்தது உண்மை. ஆனால் மின்சாரம் வந்தாலும் வராவிட்டாலும் பணம் என்பது கொள்முதலின் இயல்பு அன்று. திட்டத் திறன் என்பது மின்சாரம் அன்று. மின்சாரம் கிடைக்கக்கூடும் என்ற வாய்ப்பு மட்டுமே. எனவே ஊர்கள் உண்மையில் செய்தது மற்றோர் அமைப்பின் கடனுக்கு உறுதி நின்றதே என நீதிமன்றம் கண்டது.

இரண்டாவதாக, இது மின் நிலையத்தைக் கட்டும் அல்லது சொந்தமாக்கும் அதிகாரத்தில் அடங்கும் என்ற வாதம். சொந்த நிலையம் கட்டிய நகரம், அது பாதியில் நின்றாலும் கடனைக் கட்டத்தான் வேண்டும். அவ்வாறிருக்க, பிறரோடு சேர்ந்து கட்டும்போது மட்டும் என்ன தடை? வங்கித் தரப்பின் வலுவான கேள்வி இதுவே எனலாம். நீதிமன்றத்தின் விடை உடைமையைப் பற்றியது. நிலையங்கள் வழங்கல் அமைப்புக்குச் சொந்தம்; ஊர்களுக்கு அவற்றில் உடைமைப் பங்கு எதுவும் இல்லை. பங்கேற்பாளர் குழு என ஒன்று இருந்தபோதும் அதற்கு நிர்வாகத்தில் போதிய பிடி இருக்கவில்லை. அபாயம் முழுவதையும் ஏற்றவர்கள் கட்டுப்பாட்டைக் கைவிட்டிருந்தனர்.

எஞ்சியது உள்ளுறை அதிகாரம் பற்றிய வாதம். மின்சாரம் வழங்குவது வணிகப் பணி ஆதலால், அதற்கான வழியை ஊரே தேர்ந்துகொள்ளலாம் என்றது வங்கி. கூட்டாக நிலையம் கட்ட விரும்பும் ஊர்களுக்குச் சட்டமன்றம் விரிவான வழிகளை ஏற்கெனவே வகுத்துள்ளது, அவற்றில் உடைமையும் கட்டுப்பாடும் பொறுப்பும் ஒன்றாகச் செல்கின்றன, அவ்வழியை ஒதுக்கி வேறு வழியைப் படைத்துக்கொள்ள உள்ளுறை அதிகாரம் இடம் தராது என்றது நீதிமன்றம்.

1984-இல் அதே நீதிமன்றம் வழக்கின் இரண்டாம் பகுதியை முடித்தது. பெரும்பங்கு வகித்த வாஷிங்டன் உள்ளாட்சிகள் விலகியபின் எஞ்சிய பங்கேற்பாளர்களையும் அது பொறுப்பிலிருந்து விடுவித்தது. ஊர்கள் தமக்கு அதிகாரம் உண்டு எனச் சொல்லித்தானே கையெழுத்திட்டன, இப்போது மறுக்கலாமா என்ற வாதமும் எடுபடவில்லை. உள்ளாட்சியோடு ஒப்பந்தம் செய்பவர் அதன் அதிகார எல்லையை அறிந்தவராகவே கருதப்படுவார் என்பது பழைய விதி. அறியாமைக்கு இங்கு இழப்பீடு இல்லை.

ஒரிகனும் ஐடகோவும்

ஒரே ஒப்பந்தம், ஒரே சொற்கள். ஆயினும் மாநிலந்தோறும் முடிவு மாறியது. ஐடகோ உச்ச நீதிமன்றம் 1983-இல், பர்லி நகரைச் சார்ந்த வழக்கில், அம்மாநில நகரங்களுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்றது. ஆனால் அதன் காரணம் வேறு. ஓராண்டு வருவாயை மிஞ்சும் கடனுக்கு வாக்காளர்களில் மூன்றில் இரு பங்கினரின் ஒப்புதல் வேண்டும் என்பது ஐடகோ அரசமைப்பின் விதி. அத்தகைய வாக்கெடுப்பு நடக்கவில்லை.

ஒரிகன் உச்ச நீதிமன்றமோ 1984-இல் நேர்மாறான முடிவுக்கு வந்தது. அம்மாநில நகரங்களுக்கும் மின் மாவட்டங்களுக்கும் கையெழுத்திட அதிகாரம் இருந்தது என்றது. அவ்வழக்கைத் தொடுத்தவர்களுள் ஒருவரான பீட்டர் டிஃபாசியோ பின்னர் நீண்ட காலம் நடுவண் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார். வாஷிங்டன் நீதிமன்றம் 1984-இல் எஞ்சியோரையும் விடுவித்ததால், ஒரிகன் ஊர்களும் இறுதியில் கட்ட வேண்டியதாகவில்லை.

முதல் மூன்று நிலையங்களுக்கான நிகரப் பட்டியல் ஒப்பந்தங்கள் தப்பின. 1985-இல் நடுவண் நீதித்துறையின் ஒன்பதாம் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அவை செல்லும் என்றது.

தவணை தவறலும் விளைவுகளும்

ஊர்களின் பணம் வராத நிலையில், 1983 ஜூலையில் வழங்கல் அமைப்பு தன்னால் கடனைத் தீர்க்க இயலாது என ஒப்புக்கொண்டது. அமெரிக்க உள்ளாட்சிப் பத்திர வரலாற்றில் அதுவரை நிகழ்ந்தவற்றுள் இதுவே மிகப் பெரிய தவணை தவறல். (ஜெஃபர்சன் மாவட்டம், டெட்ராய்ட், புவேர்ட்டோ ரிக்கோ ஆகியவற்றின் பிற்காலக் கடன் சிக்கல்கள் இதைவிடப் பெரியவை.) பத்திரதாரர்கள் பல்லாயிரவர். ஓய்வுக்காலச் சேமிப்பை வரிவிலக்குள்ள, அரசு சார்ந்த பத்திரம் என நம்பி இட்ட முதியோர் அவர்களுள் பலர்.

தீர்ப்பை மக்களின் வெற்றி என்று மட்டும் சொல்வது முழுமையாகாது. மின் கட்டணம் கட்டுவோர் ஒரு சுமையிலிருந்து தப்பினர்; அச்சுமை மறைந்துவிடவில்லை, அது பத்திரதாரர்மீது விழுந்தது. இரு தரப்பினரும் ஒப்பந்தத்தின் சொற்களை எழுதியவர்கள் அல்லர். எழுதியவர்கள், கருத்துரை தந்தவர்கள், விற்றவர்கள்மீது தொடரப்பட்ட மோசடி வழக்குகள் அரிசோனா மாநிலத்தின் டூசான் நகரில் ஒருங்கே விசாரிக்கப்பட்டன. அவை ஏறத்தாழ 75.3 கோடி டாலர் சமரசத் தொகையில் முடிந்தன. இட்ட பணத்தில் பத்திரதாரர்களுக்குத் திரும்பக் கிடைத்தது சிறு பகுதியே. நடுவண் பிணையங்கள் ஆணையம் இந்நிகழ்வை ஆராய்ந்து 1988-இல் அறிக்கை அளித்தது. அடுத்த ஆண்டே, உள்ளாட்சிப் பத்திரங்களை விற்கும் நிறுவனங்கள் வெளியீட்டு ஆவணத்தைப் பெற்றுச் சரிபார்க்க வேண்டும் என்ற விதி வந்தது.

வேறு மாநிலங்களிலும் இக்கேள்வி எழுந்தது. நியூ ஹாம்சயரின் சீபுரூக் அணு மின் நிலையத்துக்காக மாசச்சூசெட்ஸ் கூட்டு மின் அமைப்போடு செய்த இத்தகைய ஒப்பந்தம் வெர்மான்ட் ஊர்களைக் கட்டுப்படுத்தாது என வெர்மான்ட் உச்ச நீதிமன்றம் 1988-இல் தீர்ப்பளித்தது. அதே ஒப்பந்த முறை தன் மாநில ஊர்களுக்குச் செல்லும் என மாசச்சூசெட்ஸ் நீதிமன்றம் 1991-இல் கூறியது. மின்சாரத்துக்கு வெளியேயும் இதற்கு ஒப்பான நிகழ்வு உண்டு. லண்டனின் ஹாமர்ஸ்மித் உள்ளாட்சி செய்த வட்டி மாற்று ஒப்பந்தங்கள் அதிகாரம் கடந்தவை எனப் பிரித்தானியப் பிரபுக்கள் அவை 1991-இல் தீர்ப்பளித்தபோது, இழப்பு வங்கிகளின் பக்கம் திரும்பியது.

நிலையங்களைப் பொறுத்தவரை, இரண்டாவது மட்டுமே கட்டி முடிக்கப்பட்டு 1984 இறுதியில் வணிக முறையில் இயங்கத் தொடங்கியது. அது 2000 முதல் கொலம்பியா மின் நிலையம் எனப் பெயர் பெற்றது. முதலாவதும் மூன்றாவதும் பணி நிறுத்தப்பட்டுப் பல ஆண்டுகள் காத்திருந்து, 1994-இல் முற்றிலும் கைவிடப்பட்டன. சாட்சப்பின் பெரிய குளிர்விப்புக் கோபுரங்கள் இரண்டும் ஒருமுறைகூட நீராவி விடாமல் நிற்கின்றன. வழங்கல் அமைப்பு தன் பெயரை எனர்ஜி நார்த்வெஸ்ட் என மாற்றிக்கொண்டது.

சேமிப்பும் கரி ஈடும்

1983-இன் தீர்ப்பு, புதுவகை ஆற்றல் ஒப்பந்தங்கள் ஒவ்வொன்றிலும் அதிகாரக் கேள்வியைக் கிளப்பியது. டகோமா நகரம் வீடுகளில் வெப்பக் காப்பு போன்ற சேமிப்பு ஏற்பாடுகளுக்குப் பணம் தர முனைந்தது. பிறர் வீட்டுச் சுவரில் நகரத்தின் பணத்தைச் செலவிடலாமா? 1987-இல் மாநில உச்ச நீதிமன்றம் ஆம் என்றது. சேமித்த மின்சாரம் நகரத்தின் கையில் மீண்டும் விற்பனைக்கு வருவதால், அதற்குப் பணம் தருவது மின்சாரம் வாங்குவதற்கு நிகர் என்பது அதன் கருத்து. வராத மின்சாரத்துக்குப் பணம் தருவது கொள்முதல் அன்று, செலவாகாத மின்சாரத்துக்குப் பணம் தருவது கொள்முதலே. நான்கு ஆண்டு இடைவெளியில் வந்த இவ்விரு தீர்ப்புகளையும் சேர்த்துப் படித்தால்தான் "வாங்குதல்" என்ற சொல்லின் எல்லை விளங்கும்.

சியாட்டில் நகர மின் துறை இருமுறை இந்த எல்லையில் இடறியது. தெரு விளக்குகளின் செலவை மின் நுகர்வோரின் கட்டணத்தில் சேர்க்கக் கூடாது, அது நகர ஆட்சியின் பொதுப் பணி என 2003-இல் நீதிமன்றம் கூறியது. 2007-இல் வந்த வழக்கு இன்னும் சுவையானது. தன் மின்சாரத்தால் விளையும் பசுங்குடில் வளிமங்களுக்கு ஈடாக, பிறர் தம் உமிழ்வைக் குறைக்க மின் துறை பணம் கொடுத்து வந்தது. புவி வெப்பமாதலைத் தடுப்பது நல்ல நோக்கமே. ஆனால் அது பொது நலப் பணி, மின்சாரம் வழங்கும் பணி அன்று என்று நீதிமன்றம் அச்செலவைத் தடுத்தது. அதே ஆண்டில் சட்டமன்றம், நகர மின் துறைகளும் பொதுப் பயன்பாட்டு மாவட்டங்களும் இத்தகைய ஈட்டு ஒப்பந்தங்களைச் செய்யலாம் எனச் சட்டத்தைத் திருத்தியது.

மின் சந்தையில் பொது நிறுவனங்கள்

பொது நிறுவனங்களின் விற்பனை விலை மீது நடுவண் ஆற்றல் ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் பொதுவாக அதிகாரம் இல்லை. நடுவண் மின்சாரச் சட்டம் அவற்றுக்கு விலக்கு அளிக்கிறது. 2000-2001 கலிபோர்னிய மின் நெருக்கடியில் தனியாரோடு பொது நிறுவனங்களும் உயர்ந்த விலைக்கு மின்சாரம் விற்றிருந்தன. அப்பணத்தைத் திருப்பித் தர அவற்றுக்கு ஆணையிட ஆணையத்துக்கு உரிமை இல்லை என 2005-இல் ஒன்பதாம் சுற்று நீதிமன்றம் கூறியது. அதே ஆண்டில் வந்த ஆற்றல் கொள்கைச் சட்டம், ஆணையத்தின் சந்தைகளில் நடைபெறும் சில குறுகிய கால விற்பனைகளுக்கு மட்டும் அவ்வுரிமையை விரிவாக்கியது.

வாங்குபவர் பக்கத்தில் நின்ற வாஷிங்டன் நிறுவனம் ஸ்னோஹோமிஷ் மாவட்டம். நெருக்கடியின் உச்சத்தில் அது மார்கன் ஸ்டான்லி நிறுவனத்திடம் ஒன்பது ஆண்டுகளுக்கு ஒரு மெகாவாட் மணி 105 டாலர் விலையில் மின்சாரம் வாங்க ஒப்புக்கொண்டது. வடமேற்கின் வழக்கமான சராசரி விலை 24 டாலர். சந்தை தணிந்ததும் அது ஒப்பந்தத்தை மாற்றக் கோரியது. இங்கே வாங்கியது உண்மையான மின்சாரம். எனவே 1983-இல் அண்டை ஊர்களுக்குக் கிடைத்த வாதம் இதற்குப் பயன்படவில்லை. விலை நியாயமற்றது என்றே அது வாதிட வேண்டியிருந்தது. 2008 ஜூன் மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இரு தரப்பும் மனமொப்பிச் செய்த மின் ஒப்பந்தத்தின் விலை பொதுநலனுக்குக் கடுமையான கேடு விளைப்பதாக இருந்தாலன்றி நியாயமானதாகவே கொள்ளப்பட வேண்டும் எனத் தீர்ப்பளித்து, சில கேள்விகளின் மறு ஆய்வுக்காக வழக்கை ஆணையத்துக்குத் திருப்பி அனுப்பியது.